ஊர்ப்பெயர் ஏட்டில் இருக்கிறது; ஊர் எங்கே இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் வாழும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் மூதாதையரின் ஊரைத் தேடப் புறப்படும்போது, அவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு வரி. நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் கப்பற்பட்டியலில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட வரி அது. குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடல் அடையாளம் எனக் கட்டம் கட்டமாக அது எழுதப்பட்டிருக்கும். அவ்வரியின் கிராமக் கட்டத்தில் ‘நாகலாபுரம்’ என்று இருப்பதாகக் கொள்க. தேடல் முடிந்தது என்று அக்குடும்பம் மகிழக்கூடும். உண்மையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நாகலாபுரம் என்னும் பெயரில் ஓர் ஊர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் பக்கம் இருக்கிறது. மற்றொன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், வேதநாராயணப் பெருமாள் கோயிலைச் சுற்றி இருக்கிறது. கப்பல் புறப்பட்ட காலத்தில் முன்னது திருநெல்வேலி ஜில்லா. பின்னது செங்கல்பட்டு ஜில்லாவின் வடமேற்கு மூலை. ஜில்லாக் கட்டம் தெளிவாக இருந்தால் குழப்பம் தீரும். அது மங்கியிருந்தாலோ, எழுத்தர் விட்டிருந்தாலோ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு ஊர்களில் எது தன் ஊர் என்று முடிவுசெய்ய அக்குடும்பத்துக்கு உதவக்கூடிய கருவி ஏதும் இல்லை. இப்படி ஒரு கருவியை உருவாக்கித் தருவது கடல் கடந்து வாழ்வோரின் வேலை அன்று. இங்குள்ள பல்கலைக்கழகங்களின், ஆவணக்காப்பகங்களின் வேலை. அவ்வேலை இன்னும் தொடங்கப்படவில்லை என்பதே கவலைக்குரியது.

இதன் தேவையை உணர, இதே வேலையை வேறொரு சமூகம் எப்படிச் செய்தது என்று பார்ப்பது உதவும். அமெரிக்காவில் குடியேறிய தொடக்ககால ஜெர்மானியக் குடும்பங்களின் வம்ச ஆய்வு அதற்குத் தக்க சான்று. 1683 அக்டோபரில் கிரேபெல்ட் நகரத்து 13 குடும்பங்கள் ‘கான்கார்டு’ என்னும் கப்பலில் பிலடெல்பியா வந்து, ஜெர்மன்டவுன் குடியிருப்பை நிறுவின. அடுத்த நூறாண்டுகளில் ரைன் ஆற்றங்கரை நாடுகளிலிருந்து பல்லாயிரம் பேர் பின்தொடர்ந்தனர். அவர்களுள் பலர் கப்பற்கூலி கட்ட இயலாதவர்கள். பிலடெல்பியாவில் இறங்கியதும் சில ஆண்டு உழைப்பை முன்கூட்டியே விற்று, அந்தப் பணத்தில் கப்பற்கடனைத் தீர்த்தவர்கள். பிள்ளைகளை 21 வயது வரை பிறர் வீட்டு வேலைக்கு ஒப்படைத்த பெற்றோரும் அவர்களுள் உண்டு. இன்று செழிப்பாக வாழும் பல அமெரிக்கக் குடும்பங்களின் முதல் மூதாதை ஓர் ஒப்பந்தக் கூலியே. இந்த ஒப்புமை தமிழ் ஆய்வாளர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளத் தக்கது.

பென்சில்வேனியா அரசு 1727 முதல் அயலகக் குடியேறிகளின் பெயர்களைப் பதியத் தொடங்கியது. ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை இருந்தன. முதலாவது கப்பல் தலைவன் தந்த பட்டியல். ஜெர்மன் மொழி அறியாதவர்கள் காதில் விழுந்தபடி எழுதியது. மற்ற இரண்டும் ஆங்கில அரசருக்கு விசுவாசம் அறிவித்த உறுதிமொழிப் பட்டியல்கள். அவற்றில் குடியேறிய ஆண்களே கையொப்பமிட்டனர்; எழுதத் தெரியாதவர் கைக்குறி இட்டனர். ஆகவே எழுத்தர் சிதைத்த பெயரை உரியவரின் கையெழுத்தை வைத்தே திருத்த முடிந்தது. 1934இல் ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே இருவரும் 1727 முதல் 1808 வரையிலான இப்பட்டியல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டபோது, ஒரு தொகுதி முழுவதையும் அக்கையொப்பங்களின் நேர்ப்படிக்கே ஒதுக்கினர். முந்தைய பதிப்பாளர் ஒருவர் தவறாகப் படித்திருந்த பெயர்கள் பல அதனால் திருந்தின.

ஆனால் அப்பட்டியல்களில் ஒரு பெருங்குறை உண்டு. அவற்றில் பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் இல்லை. 16 வயது நிறைந்த ஆண்களே இருந்தனர். அதைவிட, சொந்த ஊரின் பெயர் அநேகமாக எங்கும் இல்லை. ‘பாலடைன்’ என்ற பொதுச்சொல்லால் எல்லாரையும் சுட்டிவிட்டனர். அச்சொல்லால் சுட்டப்பட்டோர் அனைவரும் பாலடினேட் நாட்டவரும் அல்லர். ஆகவே அமெரிக்க ஜெர்மானியரின் வம்ச ஆய்வு முழுவதும் ஊரைக் கண்டுபிடிக்கும் ஆய்வாகவே வளர்ந்தது. ஊரைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கே தேவாலய ஏடு காத்திருந்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏழை, செல்வர் வேறுபாடின்றிப் பதிந்த ஏடு அது. பண்ணையடிமைத் தளையிலிருந்து விலகக் கட்டணம் கட்டிய பதிவுகளும் சில நாடுகளில் கிடைத்தன.

நேட்டால் கப்பற்பட்டியல் இதற்கு நேர்மாறானது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, இடையில் 1866 முதல் 1874 வரையிலான நிறுத்தம் நீங்கலாக, 1,52,184 பேர் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஆண், பெண், கைக்குழந்தை என ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. தந்தை பெயர் உண்டு, ஊர் உண்டு. பென்சில்வேனியப் பட்டியலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ வளமானது. ஆனால் இதில் கையொப்பம் இல்லை. முழுவதும் எழுத்தரின் காதும் கையும் சேர்ந்து ஆக்கியது.

சுருங்கச் சொன்னால், ஜெர்மானியருக்கு ஊர் தெரியவில்லை. ஊரில் ஏடு இருந்தது. தென்னிந்தியருக்கு ஊர் தெரியும். ஊரில் ஏழைக்கு ஏடு இல்லை. ஜெர்மானியர் தங்கள் குறையை நூறாண்டு உழைப்பால் நிரப்பிக்கொண்டனர். பென்சில்வேனிய ஜெர்மானியர் கழகம் 1891இல் தோன்றிப் பதிப்புப் பணியைத் தொடர்ந்தது. ஹென்றி ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர் 1985இல் வெளியிட்ட நூலில், 1709-10இல் நியூயார்க் சென்ற 847 குடும்பங்களை ஆராய்ந்து, பாதிக்கும் மேற்பட்டவற்றின் பூர்வ ஊரைக் கண்டறிந்து காட்டினார். அவர் கையாண்ட முறை எளிது: ஒருவரின் ஊர் தெரிந்தால், கப்பலில் அவருக்கு அடுத்திருந்தவரைப் பக்கத்து ஊர்களில் தேடுவது. தனியாகப் புறப்பட்டவர் குறைவு என்பதே அம்முறையின் அடிப்படை. நேட்டால் பட்டியலுக்கும் இது பொருந்தும். அடுத்தடுத்த எண்களில் ஒரே தாணாவைச் சேர்ந்தவர்கள் வரும்போது, அவர்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டவர்களா என்று பார்க்கவேண்டும். ஒருவரது வரியில் மங்கிய ஊர்ப்பெயர் அடுத்தவர் வரியில் தெளிவாக இருக்கக்கூடும்.

தென்னிந்தியத் தேடலின் முதல் தடை எல்லை மாற்றம். இதை விளக்க நாகலாபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. கப்பற்பட்டியல்கள் எழுதப்பட்ட காலத்தில் சித்தூர் என்பது வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகர். சித்தூர் மாவட்டம் என ஒன்று இல்லை. அது 1911 ஏப்ரலில்தான் உருவானது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனோடு சென்றது. எல்லைத் தகராறு தொடர்ந்து, படாஸ்கர் பரிந்துரையின் பேரில் 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் எல்லை திருத்தப்பட்டது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்கு ஈடாகச் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களைச் சேர்ந்த ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்று, சத்தியவேடு வட்டமாயின. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் புதிதாகப் பிறந்தபோது நாகலாபுரம் மீண்டும் மாவட்டம் மாறியது. ஊர் ஓர் அடியும் நகரவில்லை. அதன் முகவரி செங்கல்பட்டு, சித்தூர், திருப்பதி என இரண்டு முறை மாறிவிட்டது.

இதன் விளைவு நடைமுறையில் கொடுமையானது. ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்று எழுதிய தாளோடு வருபவரை வழிகாட்டுவோர் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கே அனுப்புவர். அங்கே அவ்வூர் இல்லை. ‘வட ஆர்க்காடு’ என்ற தாளோடு வருபவர் வேலூருக்குச் செல்வார். அவர் ஊர் திருத்தணிப் பக்கமோ, சந்திரகிரிப் பக்கமோ இருக்கலாம். தமிழகத்துக் காப்பகத்தில் தேடுபவர் ஊர் ஆந்திரத்தில் இருப்பதை அறியார். ஆந்திரத்தில் தேடுபவர் பழைய ஆவணம் சென்னை எழும்பூரில் இருப்பதை அறியார். தாளில் உள்ள சொல் ஒரு காலத்தின் வரைபடத்துக்கு உரியது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இரண்டாம் தடை ஊர்ப்பெயரின் ஒலி. இந்த எல்லைப்புறத்தில் ஒவ்வோர் ஊரும் இரு மொழிகளில் வாழ்கிறது. திருக்காளத்தி, காளாஸ்திரி, ஸ்ரீகாளஹஸ்தி மூன்றும் ஒரே தலம் என்பது இங்குள்ளோர்க்குத் தெரியும். டர்பனில் பிறந்தவர்க்குத் தெரிய வழியில்லை. பள்ளி, பல்லி, பல்லெ என்னும் ஈறுகளும், பாக்கம், பட்டு, பேடு, வேடு என்னும் ஈறுகளும் ஆங்கில எழுத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் அவ்வெழுத்தில் நிற்பதில்லை. சொன்னவர் தமிழில் சொல்லியிருக்கலாம், தெலுங்கில் சொல்லியிருக்கலாம். கேட்டவர் இரண்டில் ஒன்றையும் அறியாதவராக இருந்திருக்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்து இணையத்தில் தேடி, முதலில் தோன்றும் ஊரைச் சொந்த ஊராகக் கொள்வது இதனால்தான் ஆபத்தானது.

மூன்றாம் தடை ஆளின் பெயர். ஜெர்மானியரிடம் குடும்பப் பெயர் இருந்தது. ஷ்மிட் ஸ்மித் ஆனாலும், முல்லர் மில்லர் ஆனாலும், சிம்மர்மன் என்பது கார்பென்டர் என்று மொழிபெயர்க்கப்பட்டாலும், தொடர்பு அறவே அறுவதில்லை. அவர்களது சிக்கல் முதற்பெயரில் இருந்தது. அண்ணன் தம்பி எல்லாருக்கும் யோகான் என்று முன்பெயர் இட்டு, இரண்டாம் பெயரால் அழைப்பது வழக்கம். தமிழரிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னொட்டு. அது தலைமுறைதோறும் மாறும். நேட்டால் அலுவலகங்கள் அந்த ஓட்டத்தை ஒரு புள்ளியில் நிறுத்திவிட்டன. முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி என்னும் யாரோ ஒருவரின் பெயர் அவர் வழியினர் அனைவருக்கும் நிலையான குடும்பப் பெயராயிற்று. மறுபுறம் நாயுடு, கவுண்டர், முதலி, பிள்ளை போன்ற பட்டங்கள் அங்கே நாய்டூ, கோவெண்டர், மூட்லி, பிள்ளே என்று உருமாறிக் குடும்பப் பெயர்களாயின. கப்பலில் இல்லாத பட்டம் கரையில் ஒட்டிக்கொண்டதும் உண்டு. ஆகவே இன்றைய குடும்பப் பெயரிலிருந்து பின்னோக்கிச் சாதியையும், சாதியிலிருந்து ஊரையும் ஊகிப்பது நம்பத்தக்க முறை ஆகாது.

பெயர்வழியே ஒரு நன்மையும் இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் கடல் கடந்தும் சில தலைமுறைகள் நீடித்த குடும்பங்களில், ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயர் திரும்ப வரும். தந்தை பெயர்க் கட்டத்தோடு இதை ஒப்பிட்டால் முன்பு அறியாத ஒரு தலைமுறையை எச்சரிக்கையோடு ஊகிக்க முடியும். ஊகத்தை ஊகம் என்று குறித்து வைப்பது மட்டுமே இங்கு வேண்டப்படும் ஒழுங்கு.

ஏடில்லாத இடத்தில் வேறு தடயங்கள் பேசுகின்றன. குலதெய்வம் அவற்றுள் முதன்மையானது. மொழி மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை மறவாதிருப்பதுண்டு. அம்மன் பெயர் பொதுவானதாக இருந்தாலும், அதற்குரிய படையல், காப்புக் கட்டும் மாதம், உடன் நிற்கும் காவல் தெய்வம் ஆகியவை வட்டாரத்தைச் சுட்டும். நேட்டாலில் இன்றும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. தெருக்கூத்து அங்கே ‘ஆறடி ஆட்டம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் வழங்குகிறது. இவை இரண்டும் வலுவாக வேரூன்றிய நிலம் பழைய வட ஆர்க்காடும் அதை அடுத்த தொண்டை நாட்டுப் பகுதிகளும். ஒரு குடும்பத்தின் வழிபாட்டு முறையை முழுமையாகப் பதிவுசெய்து இங்குள்ள ஊர்களின் வழக்கோடு ஒப்பிடும் ஆய்வு, மரபணுச் சோதனையைவிடத் துல்லியமான விடை தரக்கூடும். மரபணு ஊர்ப்பெயர் சொல்லாது. நெருங்கிய உறவுக்குள் மணம் புரியும் சமூகங்களில் அது காட்டும் உறவின் நெருக்கமும் மிகைப்பட்டுத் தோன்றும்.

ஊரில் எழுதப்பட்டவையும் முற்றிலும் இல்லாமல் இல்லை. நிலவரித் திட்டப் பதிவேடுகள், இனாம் பதிவேடுகள், கர்ணம் எழுதிய கிராமக் கணக்குகள் உள்ளன. ஆனால் அவை நிலம் உடையவரின் பெயரையே சொல்லும். 1876-78 பெரும்பஞ்சத்திலும் அதன் பின்னரும் ஊரைவிட்டுச் சென்றவருள் பலர் நிலமற்ற உழவுக் கூலிகள். நாகலாபுரம் கோயில் கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் நினைவாக எழுப்பியது என்று ஊர் சொல்லும்; அவர் காலத்துக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. கொடை கொடுத்தவர் பெயர் ஐந்நூறு ஆண்டாகக் கல்லில் நிற்கிறது. அதே வட்டாரத்தில் கதிர் அறுத்தவரின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதென்றால், அது அவர் கடல் கடந்தபோது ஓர் அயல்நாட்டு எழுத்தர் எழுதிய பட்டியலில்தான். அந்தப் பட்டியல் புலம்பெயர்ந்தோரின் சொத்து மட்டுமன்று. இங்குள்ள எளிய மக்களின் மிகப் பழைய பெயர்ப்பதிவுகளுள் ஒன்றும் அதுவே. உள்ளூர் வரலாறு எழுதுவோர் அதைப் புரட்டிப் பாராதது பெருங்குறை.

கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980இலும் ஆந்திரத்தில் 1984இலும் ஒழிக்கப்பட்டது. பரம்பரைப் பதவி ஒழிந்தது நியாயமே. ஆனால் எந்த வீடு யாருடையது, எந்தச் சேரியிலிருந்து யார் போனார் என்று வாய்மொழியாக அறிந்திருந்த ஒரு தலைமுறை அத்துடன் அலுவலிலிருந்து நீங்கியது. அவர்களிடமும், அவர்கள் கணக்கில் எழுதாத மக்களிடமும் இருந்த நினைவைப் பதிவுசெய்ய எஞ்சியுள்ள காலம் மிகக் குறைவு.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்தைக் கருத வேண்டும். வம்சத் தேடல் பிற்போக்கானது, அது இறுதியில் சாதிப் பெருமையில் போய் முடியும் என்பது அவ்வாதம். இது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஜெர்மனியின் வரலாறே இதற்குச் சாட்சி. 1933 ஏப்ரலில் அரசுப் பணியாளர் சட்டம் வந்தபின், ‘ஆரிய’ வம்சத்தை நிறுவ ஒவ்வொருவரும் தேவாலய ஏடுகளைத் தேடி அலைந்தனர். ஊர்தோறும் குடும்பங்களைத் தொகுக்கும் நூல்வரிசையை நாஜி அரசு 1937 முதல் ஊக்குவித்தது. ஞானஸ்நானத்தைப் பதிய எழுதப்பட்ட ஏடு மனிதரை விலக்கும் கருவியாயிற்று. பதிவேடு தானாக நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை என்பது பாதி உண்மையே; எந்தக் கட்டத்தை முதன்மையாக்கித் தொகுக்கிறோம் என்பதில் நன்மையும் தீமையும் தொடங்கிவிடுகின்றன.

இந்திய நிலையில் அந்த ஆபத்தான கட்டம் சாதி. கப்பற்பட்டியலின் சாதிக் கட்டமே நம்பகமற்றது. பழைய ஆங்கில வழக்கில் தமிழரை ‘மலபார்’ என்றும் தெலுங்கரை ‘ஜெண்டு’ என்றும் சுட்டினர். மொழி, சாதி, சமயம் மூன்றும் ஒரே கட்டத்தில் கலந்தன. சேர்ப்பு முகாமில் எளிதில் எடுக்கப்படுவதற்காக வேறு சாதி சொன்னவரும் இருந்திருக்க வாய்ப்புண்டு. இக்கட்டத்தைத் தலைப்பாக்கித் தரவுத்தளம் அமைத்தால், தேடுபவர் தம் ஊரை அடையுமுன் ஏதேனும் ஒரு சாதிச் சங்கத்தையே அடைவார். ஊரைத் தலைப்பாக்கினால், ஒரே ஊரின் குடியானவத் தெருவிலிருந்தும் சேரியிலிருந்தும் ஒரே கப்பலில் சென்றவர்கள் ஒரே பக்கத்தில் வருவார்கள். வரலாற்றுக்கு நேர்மையானது இரண்டாவதே. சாதிக் கட்டத்தை அழிக்க வேண்டியதில்லை. ஒடுக்குமுறையை ஆராய அது தேவை. அது தேடலின் வாயிலாக மட்டும் அமையக் கூடாது.

இரண்டாவது எதிர்வாதம் செலவு பற்றியது. வெளிநாட்டினரின் ஆர்வத்துக்கு இங்குள்ள பொதுப் பணம் ஏன் என்று கேட்கலாம். இத்தேடல் இன்று வெறும் ஆர்வமாக நிற்கவில்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கான தகுதி பொதுவாகக் கொள்ளுப்பேரன் தலைமுறையோடு நின்றுவிடும். மொரீஷியஸ்வாழ் இந்திய வம்சாவளியினருக்கு அதை ஏழாம் தலைமுறை வரை நீட்டிக்கும் சிறப்பு ஏற்பாடு 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. டிரினிடாட் டொபேகோவினருக்கு ஆறாம் தலைமுறை வரை 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. மொரீஷியஸில் குடியேற்ற ஆவணங்கள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அவை இடம்பெற்றுள்ளன. அங்கே ஆவணம் இருப்பதால் உரிமை கேட்க முடிகிறது. வம்சத்தை நிறுவும் பொறுப்பு தனிமனிதர் தலையில் வைக்கப்படும்போது, ஊரை அடையாளம் காட்டும் பொறுப்பையாவது அரசும் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தைத் தரகர்கள் நிரப்புவர். கட்டணத்துக்குத் தக்கபடி ஊரும் உறவும் உருவாக்கித் தரப்படும்.

வேண்டப்படும் கருவி எளியது. ஜெர்மானியப் பேரரசின் ஊர்களை எல்லாம் 1912இல் அகரவரிசையில் தொகுத்த ‘மேயர்’ ஊர் அகராதி, எல்லைகள் பலமுறை மாறிய பின்னும் வம்ச ஆய்வாளர்களின் கைவிளக்காக இருக்கிறது. இன்று இணையத்திலும் கிடைக்கிறது. அதுபோல, பழைய வட ஆர்க்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்களின் ஊர்களுக்கு ஒரு வரலாற்று அகராதி வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர், ஆவணங்களில் காணும் ஆங்கில எழுத்துக்கூட்டல்கள். 1860, 1911, 1960, 2022 ஆகிய நான்கு காலப்புள்ளிகளில் அதன் வட்டமும் மாவட்டமும். அதே பெயருடைய பிற ஊர்கள். அவ்வூரின் பழைய ஆவணம் எந்தக் காப்பகத்தில் உள்ளது என்னும் குறிப்பு. அவ்வூரின் தெய்வங்களும் திருவிழாக்களும். இவ்வளவே. மூலத்தரவுகளில் பெரும்பகுதி முன்பே உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப்பட்டியல்களும், சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம் வாரியாக அடுக்கி ரங்காச்சாரி 1919இல் வெளியிட்ட தொகுதிகளும் தொடக்கத்துக்குப் போதுமானவை.

யார் செய்வது என்பதற்கும் விடை தொலைவில் இல்லை. குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் தமிழ், தெலுங்கு, கன்னட எல்லைகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இருக்கிறது. இரு மாநில நிறுவனங்கள் இணைந்தாலன்றி இவ்வேலை முழுமை பெறாது. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு குறுவட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒரு பருவத்தில் அதன் ஊர்களை நேரில் சென்று பதிவுசெய்ய முடியும். தமிழும் தெலுங்கும் அறிந்த இருவர் சேர்ந்து செய்தால் இன்னும் நன்று. கப்பற்பட்டியல்களை ஆராய்ந்து சுரேந்திர பானா 1991இல் எழுதிய நூல், வட ஆர்க்காடு நேட்டாலுக்கு ஆள் அனுப்பிய முதன்மையான பகுதிகளுள் ஒன்று என்பதைக் காட்டியது. பிஜி சென்ற வட இந்தியரின் 45,439 குடியேற்றச் சீட்டுகளைப் பிரிஜ் லால் ஆராய்ந்து 1983இல் வெளியிட்டார். அக்கரையிலிருந்து எழுதவேண்டியதை அவர்கள் எழுதிவிட்டனர். இக்கரையிலிருந்து எழுதவேண்டிய மறுபாதி எழுதப்படாமல் கிடக்கிறது.

அகராதி உருவானால் எல்லாக் குடும்பங்களும் உறவினரைக் கண்டுவிடும் என்று நம்புவதற்கில்லை. பலருக்கு ஊர் வரையே வழி திறக்கும். அதற்கப்பால் பெயர் சொல்ல ஆளிருக்காது. அந்த எல்லையை நேர்மையாகச் சொல்லுவதும் ஆய்வின் கடமை. ஆயினும் தன் பாட்டனின் பாட்டன் ஏறிவந்த ஊர் இதுதான், அதே பெயருடைய மற்றோர் ஊர் அன்று என்று ஒரு குடும்பம் ஐயமின்றி அறிவது சிறிய பேறன்று. நாகலாபுரத்திலிருந்து இவ்வேலையைத் தொடங்கலாம். அகராதியின் முதற்பதிவாக அவ்வூர் அமையட்டும். அடுத்த கல்வியாண்டின் ஆய்வுத் தலைப்புகளைத் தெரிவு செய்யும் ஆசிரியர்களும் மாணவர்களும் இதை மனங்கொள்வார்களாக.